ஓகே என்ற சொல்லின் மேல் நாம் ஏற்றி வைக்கும் பாரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ஒரு செய்தி சுற்றி வரும். "நாம் தினமும் சொல்லும் ஓகே என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா?" என்று தொடங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையினர் முகாமுக்குத் திரும்பியதும், அன்று இறந்தவர்களின் தொகையைப் பலகையில் எழுதுவார்களாம். ஒருவரும் சாகாத நாளில் ஒரு பூச்சியமும், 'கில்ட்' என்பதற்கு 'கே' எழுத்தும் போடுவார்களாம். பூச்சியம் காலப்போக்கில் 'ஓ' ஆகி, அதுதான் ஓகே ஆனதாம். கடைசியில் நான்கு ரோசாப்பூவும் "பகிர்வதும் ஸதகாவே" என்ற வரியும் இருக்கும்.

அழகான கதை. ஆனால் பிழையான கதை.

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று சிலர் நினைப்பீர்கள். நாமும் விட்டுவிடத்தான் இருந்தோம். ஆனால் அண்மையில் ஒரு பாடசாலை நிகழ்ச்சியில் ஒரு பிள்ளை இதே கதையை ஆங்கிலப் பேச்சாக மனனம் செய்து வந்து பேசியது. நல்ல உச்சரிப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழும்பி, "அப்ப அந்தச் சண்டைக்கு முந்தி ஆக்கள் ஓகே சொல்லல்லையா சேர்?" என்று கேட்டான். சபையில் ஒரே சிரிப்பு. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் "பேசாம இரி" என்று தோளில் தட்டி அவனை உட்கார வைத்தார். பேசிய பிள்ளைக்குப் பரிசு கிடைத்தது. கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைக்கவில்லை.

அன்று அந்தச் சபையில் கேட்கப்பட்ட ஒரேயொரு அறிவுபூர்வமான கேள்வி அதுதான். இந்தப் பதிவு அதற்கான பதில்.

ஆம், சண்டைக்கு முந்தியே ஆட்கள் ஓகே சொன்னார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. ஓகே என்ற சொல் பத்திரிகையில் அச்சானது 1839 மார்ச் 23 ஆம் திகதி. போருக்கு 22 வருடம் முந்தி. பிள்ளை தகப்பனுக்கு முந்திப் பிறக்க முடியாது என்பது போல இதுவும் தெளிவான விஷயம்.

அந்தப் பத்திரிகை 'பொஸ்டன் மோர்னிங் போஸ்ட்'. ஆசிரியர் சார்ள்ஸ் கோர்டன் கிரீன் என்பவர். பொஸ்டனில் மணியடிப்பை எதிர்க்கும் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. பெயரைப் பார்த்தே விளங்கும், அது பகிடிக்கார மனிதர்களின் கூட்டம். அந்தச் சங்கத்தாரின் பயணம் ஒன்றைப் பற்றி எழுதிய சின்னக் குறிப்பொன்றில் ஓ.கே. என்று போட்டு, 'எல்லாம் சரி' என்று பொருளையும் கூடவே எழுதியிருந்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். 'எல்லாம் சரி' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஓல் கரெக்ட்'. அதன் முதலெழுத்துகள் 'ஏ', 'சீ' அல்லவா? 'ஓ', 'கே' எங்கிருந்து வந்தன?

பகிடியே அங்கேதான் இருக்கிறது. 1838, 1839 காலத்தில் பொஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு பரவியிருந்தது. சாதாரணச் சொற்றொடரை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதுவார்கள், எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத ஒருவர் எழுதியது போல. பிறகு அந்தப் பிழையான எழுத்துகளின் முதலெழுத்தை மட்டும் எடுத்துச் சுருக்குவார்கள். 'ஏ'யில் தொடங்க வேண்டிய சொல்லை 'ஓ'வில் தொடங்கி, 'சீ'யில் தொடங்க வேண்டியதைக் 'கே'யில் தொடங்கினால் ஓ.கே. வந்துவிடும். 'எல்லாம் சரி' என்று சொல்லும் சொல்லில் ஓர் எழுத்துக்கூடச் சரியில்லை. அதுதான் சிரிப்பு.

தமிழில் யோசித்துப் பாருங்கள். 'எல்லாம் சரி' என்பதை 'ஏள்ளாம் ஷரி' என்று எழுதி, அதை 'ஏ.ஷ.' என்று சுருக்கி ஒருவருக்கொருவர் அனுப்புவது போல. இன்றைய இளைஞர்கள் செல்போனில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். "இந்தக் காலத்துப் பொடியன்மார் மொழியைக் கெடுக்கிறார்கள்" என்று நாம் திட்டுகிறோமே, அந்த வேலையை 1839 இலேயே பெரிய பெரிய பத்திரிகை ஆசிரியர்கள் செய்திருக்கிறார்கள்.

ஓ.கே. தனியாகப் பிறந்த பிள்ளையுமல்ல. அதற்கு நிறையக் கூடப்பிறப்புகள் இருந்தன. 'ஓல் ரைட்' என்பதைப் பிழையாக எழுதி ஓ.டபிள்யூ. என்றார்கள். 'பிரயோசனமில்லை' என்பதற்கு கே.வை. என்றார்கள். 'நடக்காது' என்பதற்கு கே.ஜி. என்றார்கள். எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் செத்துப்போயின. ஓ.கே. மட்டும் தப்பியது.

அது ஏன் தப்பியது என்பதுதான் சுவையான பகுதி. அடுத்த வருடம், 1840 இல், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அப்போதைய ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். அவருடைய சொந்த ஊர் நியூயோர்க் மாநிலத்திலுள்ள கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றார்கள். முதலெழுத்தைப் பார்த்தீர்களா? ஓ, கே. உடனே நியூயோர்க்கில் ஓ.கே. கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். எங்கள் ஆள் ஓ.கே., அதாவது எங்கள் ஆளே சரியான ஆள்.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? 1837 இலிருந்து நாட்டில் பொருளாதார நெருக்கடி. 'கையில் காசில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'அவுட் ஒஃப் கேஷ்'. கேஷை 'கே' எழுத்தில் பிழையாக எழுதினால் அதுவும் ஓ.கே.தான். 'கடன் வாங்கவும் வழியில்லை' என்பதும் அதே மாதிரி ஓ.கே. இப்படித் திருப்பி அடித்தார்கள். (எங்கள் நாட்டுத் தேர்தல் காலத்துப் பதாகைகளை நினைத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.)

அதோடு நிற்கவில்லை. வான் பியூரனுக்கு முந்திய ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன், அதே கட்சிக்காரர். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, 'எல்லாம் சரி' என்று கடதாசிகளில் ஒப்புதல் எழுதும்போது பிழையாக எழுதி ஓ.கே. என்று போட்டார், அதிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். அப்பட்டமான தேர்தல் பொய். ஆனால் பல தலைமுறை அது உண்மை என்றே நம்பப்பட்டது. ஆக ஓ.கே. பிறந்து முழுதாக இரண்டு வருடம் போகுமுன்பே அதன் பிறப்பைப் பற்றிய முதல் பொய்யும் பிறந்துவிட்டது.

வான் பியூரன் தேர்தலில் தோற்றார். சொல் வென்றது. பிறகு தந்தி வந்தபோது, செய்தி கிடைத்தது என்று அறிவிக்க இரண்டே எழுத்து வசதியாகப் போய்விட, தந்தி இயக்குநர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து புகையிரதப் பாதை வழியே நாடெங்கும், பிறகு கடல் கடந்து உலகெங்கும். இன்று கொழும்பு பஸ்ஸில் சிங்கள நண்பர் "ஓகே" என்கிறார், நாமும் "ஓகே" என்கிறோம். அவரிடம் 'ஹரி' இருக்கிறது, எங்களிடம் 'சரி' இருக்கிறது. இரண்டு வீட்டிலும் சொந்தப் பாத்திரம் இருக்க, பொஸ்டனிலிருந்து வந்த விளையாட்டுப் பாத்திரத்தில்தான் தேநீர் ஊற்றுகிறோம். அதில் குற்றமொன்றுமில்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் அலன் வோக்கர் ரீட். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1963, 1964 ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற ஆய்விதழில் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதி இந்தப் பிரச்சினைக்கு முடிவு கட்டினார். அவர் செய்த வேலை மந்திரமல்ல. பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக உட்கார்ந்து வாசித்தார். இந்தச் சொல் முதன்முதலில் எங்கே, எந்தத் திகதியில், யாருடைய கையால் எழுதப்பட்டிருக்கிறது? அதுதான் அவருடைய கேள்வி. எங்கள் பின்வரிசைச் சிறுவன் கேட்டதும் அதேதான், வேறு வார்த்தைகளில்.

ஓகேக்குச் சொந்தம் கொண்டாடாதவர்களே இல்லை. கிரேக்கர்கள் 'ஓலா கலா' என்ற தங்கள் சொற்றொடரைக் காட்டுவார்கள், பொருளும் 'எல்லாம் நலம்'தான். ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் 'ஓக் ஐ'யைக் காட்டுவார். அமெரிக்கப் பழங்குடிகளான சொக்ட்டோ மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று நம்பிய ஜனாதிபதி வூட்ரோ வில்சன் அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே கோப்புகளில் ஒப்புதல் எழுதினார். மேற்கு ஆபிரிக்காவின் வொலோஃப் மொழியிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வாய்வழியே வந்தது என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதத்தை நாம் ஏளனமாகப் பார்க்கவில்லை. எழுத்தில் இடம்பெற விடப்படாத மக்களின் பேச்சு பழைய பத்திரிகைகளில் அகப்படாது என்பது நியாயமான பேச்சு. ஆனாலும் கையிலுள்ள ஆதாரம், திகதியோடும் பொருளோடும், பொஸ்டனைத்தான் காட்டுகிறது.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். போர்க்களக் கதை ஏன் இவ்வளவு ஓடுகிறது? அதில் இரத்தம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. உலகம் முழுக்கச் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஒரு பெரிய பிறப்பு இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகிறது. வேலையில்லாத நேரத்தில் நான்கு பத்திரிகைக்காரர்கள் அடித்த பகிடி என்றால் ஏற்க மனம் வருவதில்லை. பகிடியை வரலாறாக ஏற்றுக்கொள்ள எங்களுக்கு வெட்கம்.

ஓகேயோடு போனால் பரவாயில்லை. 'மொஸ்க்' என்ற ஆங்கிலச் சொல் நுளம்பைக் குறிக்கும் 'மொஸ்கிடோ'விலிருந்து வந்தது, எங்களை இழிவுபடுத்த வைத்த பெயர், யாரும் எழுதக்கூடாது என்று இன்னொரு செய்தி சுற்றுகிறதல்லவா? அதுவும் பொய். 'மஸ்ஜித்' என்ற எங்கள் சொல்தான் ஸ்பானிய மொழியில் 'மெஸ்கீத்தா'வாகி, இத்தாலியம், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய் 'மொஸ்க்' ஆனது. நுளம்பின் பெயர் ஸ்பானிய மொழியில் ஈயைக் குறிக்கும் 'மொஸ்கா'விலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மஸ்ஜித் என்றே எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள், நாமும் அப்படித்தான் எழுதுகிறோம். அதற்கு ஒரு பொய் தேவையில்லை. போர்க்களக் கதையால் யாருக்கும் பகை வராது. இந்த நுளம்புக் கதையால் வரும். இரண்டையும் ஒரே விரல்தான் அனுப்புகிறது.

யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவரும் இவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா என்று வரிசை வரிசையாக விசாரித்த அறிவு மரபு எங்களுடையது. ஒரு செய்தியின் அறிவிப்பாளர் வரிசையில் காலம் பொருந்தாவிட்டால் நெஞ்சுக்கு எவ்வளவு பிடித்த செய்தியானாலும் ஒதுக்கி வைத்தார்கள். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் ஸூரா ஹுஜுராத்தின் 6 ஆவது வசனத்தைத் தெரியாதவர் ஊரில் இல்லை. அந்த மரபில் வந்த பிள்ளை காலம் பொருந்துகிறதா என்று கேட்டால் நாம் "பேசாம இரி" என்கிறோம்!

சரி, பிறப்பை விடுவோம். இந்தச் சொல்லை நாம் இன்று பாவிக்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது.

ஓகேயின் பலமே அது பாரமில்லாத சொல் என்பதுதான். 'சரி' என்றால் அதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, பிழைக்கு எதிர்ப்பக்கம் அது. 'நல்லது' என்றால் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஓகேயில் இரண்டும் கட்டாயமில்லை. "கேட்டேன்" என்பதும் ஓகே. "விளங்கியது" என்பதும் ஓகே. "சம்மதம்" என்பதும், "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்பதும், "போதும், ஆளை விடுங்கள்" என்பதும் ஓகேதான். தந்திக்காரர் அனுப்பிய ஓகேக்குச் செய்தி வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். செய்தியில் எழுதியிருந்ததை அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருளல்ல.

வகுப்பறையில் நாம் இதை நாளாந்தம் காண்கிறோம். பின்னக் கணக்கொன்றைச் செய்து காட்டிவிட்டு "ஓகேயா?" என்று கேட்டால், நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓகே சேர்" என்பார்கள். அந்த நாற்பதில் விளங்கியவை பத்து, விளங்காதவை பதினைந்து, மற்றவை மணி அடிக்கட்டும் என்று காத்திருப்பவை. பாடசாலைக்குத்தான் இது என்றில்லை. கிளினிக் போய் வந்த உம்மாவிடம் "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் "ஓகேயாம்" என்பார். எது ஓகே? சீனி குறைந்திருக்கிறதா? மருந்தைக் குறைக்கலாமா? அடுத்த திகதி எப்போது? அந்த ஒரு சொல்லோடு வீடு திரும்பி, இருந்த மருந்தையும் நிறுத்திவிட்டவர்களை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறோம்.

இதைவிடப் பாரமானது ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறோம். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில், "புள்ளைக்கு ஓகேயாம்" என்ற செய்தி உள் அறையிலிருந்து முன் மண்டபத்துக்கு வரும். யார் கேட்டார்? எப்படிக் கேட்டார்? மாப்பிள்ளையின் பெயர், தொழில், எங்கே குடியிருப்பது, படிப்பைத் தொடரலாமா என்பதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாரா, அல்லது தேநீர்த் தட்டத்தைக் கையில் கொடுக்கும்போது "ஓகேதானே மகள்?" என்று கேட்டாரா? கேள்வியிலேயே 'தானே' இருந்தால் பதிலில் வேறென்ன இருக்கும்? மார்க்கம் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது. எங்கள் நாட்டின் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழோ மணமகளின் கையொப்பமே இல்லாமல் பதிவுகள் நடந்து வந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வருவதுதான் அவளுடைய ஒரே பங்கு. அந்தப் பங்கும் இரண்டு எழுத்துப் பகிடிச் சொல்லாக இருந்தால் போதுமா? ஒரு வசனமாவது பேச விடுங்கள். "எனக்கு விருப்பம், ஏனென்றால்..." என்றோ, "எனக்கு யோசிக்க ஒரு கிழமை வேண்டும்" என்றோ.

எங்களிடம் படித்த பெண் பிள்ளைகள் சிலர் சாதாரண தரம் முடித்த கையோடு இப்படி ஓகே சொன்னவர்கள். பிறகு கடைத்தெருவில் கண்டு "எப்படி மகள்?" என்று கேட்டால் அதே ஓகேதான் வருகிறது. அதில் எந்த ஓகே என்று எங்களுக்கு விளங்கவில்லை, நடுத்தெருவில் வைத்துக் கேட்கவும் முடியவில்லை.

இன்னொன்று, ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும். எழுத்துப்பிழைக்குப் பயந்து ஒரு வசனமும் எழுதாமல் வெறுங்கொப்பியைத் தரும் பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். உலகத்தில் அதிகம் ஓடிய ஆங்கிலச் சொல்லே ஓர் எழுத்துப்பிழைதான் என்று சொன்னால் அவர்களின் முகம் மலர்கிறது. உடனே ஒருவன், "அப்ப பிழையா எழுதினாலும் மார்க்ஸ் போடுவீங்களா சேர்?" என்பான். போட மாட்டோம். பொஸ்டன்காரர் சரியாக எழுதத் தெரிந்த பிறகுதான் பிழையாக எழுதி விளையாடினார். சரி எதுவென்று தெரியாதவனுக்கு அந்தப் பகிடியே விளங்காது.

கடந்த தவணையில் தரம் 8 பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தமிழில் இப்படி ஆளுக்கொரு சுருக்கம் செய்து வரச் சொன்னோம். 'ஏ.ஷ.' நாம் கொடுத்த உதாரணம். அவர்கள் கொண்டு வந்தவை அதைவிட எவ்வளவோ மேல். 'பசிக்குது' என்பதை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் பிழையாக எழுதிச் சுருக்கிய ஒரு மகள், மூன்றாம் பாடவேளையில் அதைப் பலகையில் எழுதி வைத்திருந்தாள். ஒரு கிழமை வகுப்பு முழுக்க அந்த மொழிதான். வேறு பாட ஆசிரியர்கள் எங்களிடம் முறைப்பாடும் செய்தார்கள். இரண்டாம் கிழமையில் எல்லாம் மறந்துபோய்விட்டது, அந்தப் பசியைத் தவிர. அது மட்டும் அடுத்த வகுப்புக்கும் பரவி, இப்போது கன்டீன் நடத்துபவருக்கும் தெரியும்.

பின்வரிசைச் சிறுவனின் வாப்பா இந்தப் பதிவை வாசித்தால், மகனிடம் திகதியைச் சொல்லிவிடுங்கள்: 1839 மார்ச் 23.